சுங்கை சிப்புட்டில் முகம் அளந்த நாட்கள்

சென்னையில் எலும்புப் பாடம் நடத்தியே காலத்தை ஓட்டியவன் நான். கையில் ஒரு மண்டையோட்டை வைத்துக்கொண்டு, இது கன்ன எலும்பு, இது தாடை என்று வருஷா வருஷம் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறேன். பழைய மாணவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், "சார், நீங்கள் மலாயாவுக்குப் போய்ப் பிள்ளைகள் முகத்தை எல்லாம் அளந்தீர்களாமே, அந்த ஆராய்ச்சி என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது மழுப்ப வேண்டிய அவசியம் இல்லை. என்னைக் கேள்வி கேட்டிருக்கக்கூடிய பேராசிரியர் காலமாகிவிட்டார். மற்றவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும்.

குழந்தையின் முகம் எப்படிப் பெரியவர் முகமாகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பிறக்கும்போது மண்டை பெரிது, முகம் சிறிது. பல் முளைக்க முளைக்கத் தாடை இறங்கும், கன்னம் அகலும், வளர வளரப் பெற்றவர்களில் ஒருவருடைய சாயல் எலும்பில் தெரிய ஆரம்பிக்கும். இதை ஊகமாகச் சொல்லாமல் அளந்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் தாய், தகப்பன், பிள்ளை மூவரும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், சில வருஷம் கழித்துப் போனாலும் அங்கேயே இருக்க வேண்டும். நம் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள்? மலாயாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், நம் ஊரிலிருந்து வேலைக்குப் போன குடும்பங்கள் அப்படி இருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு தடவை போய் அளந்துகொண்டு வந்தேன். எல்லாப் பிள்ளைகளும் நான் எதிர்பார்த்தபடியே இருந்தார்கள், ஐந்து பேரைத் தவிர. அந்த ஐந்து பேருடைய தாடை தாயோடும் ஒட்டவில்லை, தகப்பனோடும் ஒட்டவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். புது மண்ணின் தண்ணீரும் சோறும் வெயிலும் எலும்பையே மாற்றுகின்றன! இதைச் சொன்னபோது, அதுவரை என்னை உட்காரச் சொல்லியிராத எங்கள் வெள்ளைக்காரப் பேராசிரியர், நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்கு வருஷம் கழித்து மறுபடி போய் அளக்க வேண்டும். அந்த ஐவரும் இன்னும் விலகிப் போயிருந்தால் நான் கல்கத்தாவில் அறிஞர் சபையில் கட்டுரை வாசிப்பேன், அங்கிருந்து லண்டன். பேராசிரியர் அப்படித்தான் சொன்னார். நான் லண்டன் குளிருக்கென்று ஒரு கம்பளிக் கோட்டுக்கு அளவே கொடுத்துவிட்டேன்.

இது அந்த இரண்டாவது பயணத்தின் கதை.

ஈப்போவில் இறங்கிய காலையில் முதலில் கண்ணில் பட்டவை அந்த வெள்ளைச் சுண்ணாம்பு மலைகள்தான். ஊரைச் சுற்றி நின்றுகொண்டு, எந்தத் தெருவில் திரும்பினாலும் முன்னால் வந்து நிற்கும். நடுவில் லம்பம் என்கிற ஈயச் சுரங்கங்களின் பழுப்புத் தண்ணீர், ரிக்‌ஷாக்கள், செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள், சீனர்களின் கடைகள். நம் ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு பாஷை. இங்கே ஒரு கடை வாசலில் நாலு பாஷை.

ஒரு சீனர் கடையில் காபி கேட்டேன். தடித்த கிண்ணத்தில் கறுப்பாக ஒன்று வந்தது. அடியில் டப்பா பால் ஒரு விரற்கடை உறைந்து கிடந்தது. பக்கத்து மேஜைக்காரர் தட்டில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார், நானும் ஊற்றினேன். கும்பகோணத்தில் பிறந்தவனுக்கு அது காபியே இல்லை, வெல்லப்பாகு காய்ச்சும்போது பிடித்த அடி. முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தேன். மூன்றாம் நாள் தோட்டத்தில் உட்கார்ந்து அதே காபிக்கு நாக்கு ஏங்கியது. இன்றைக்கும் ஏங்குகிறது, என்ன செய்வது?

மறுநாள் ஒரு வாடகைக் கார். ஓட்டுநர் சீனர், என் சாமான்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அதில் முக்கியமானது ஒரு மூட்டை. முகத்தை அச்செடுக்கும் சுண்ண மாவு, சென்னையிலிருந்து கண்ணுக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அதை வண்டியின் பின்னால் கட்டினார். பாதி வழியில் டயர் காற்றுப் போனது. அவர் பதறவே இல்லை, சாலை ஓரத்து லாலாங் புல்லைக் கத்தை கத்தையாக அறுத்து டயருக்குள் திணித்தார். வேலை முடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பேராக் மழைக்குத் தூறல் என்ற பழக்கமே கிடையாது, எடுத்த எடுப்பில் கொட்டும். தோட்டத்து மருத்துவமனை வாசலில் போய் இறங்கினபோது மூட்டை முழுசும் ஒரே பாறையாக இறுகிக் கிடந்தது. ஓட்டுநர் அதை உதைத்துப் பார்த்துவிட்டு மலாய் மொழியில் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"இதக் கொண்டாந்து இங்க வீடா கட்டப் போறீங்கன்னு கேக்குறான்லா" என்று சிரித்துக்கொண்டே வந்து பெட்டியை வாங்கினார் சவரிமுத்து.

சவரிமுத்து தோட்டத்து டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, பிரசவம் சிக்கலானால் டவுனுக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். நான் முதல் தடவை வந்தபோது அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெயர்களை எல்லாம் கேட்டு எழுதிக் கொடுத்தது அவர். நான் தாய், தகப்பன் பெயரை மட்டும் நோட்டில் எழுதி, பிள்ளைகளுக்கு எண் போட்டுக்கொண்டு, அவர்கள் பெயரை விட்டுவிட்டேன். எண் மட்டும் எழுதுவதுதான் விஞ்ஞானம் என்று அப்போது ஒரு எண்ணம்.

"மாவு போனா போகுதுய்யா, தாப்பா, பரவால்ல. கொடுக்கு இருக்குல்ல?" என்றார்.

கொடுக்கு என்பது என் அளவைக் கருவி. இரண்டு வளைந்த காலும் நடுவில் அளவுகோலும் உள்ள அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர். நண்டுக் கொடுக்காம். நான்கு வருஷத்தில் என் பெயரை மறந்திருந்தார்கள், கொடுக்கை மறக்கவில்லை.

அங்கே நாள் எப்படிப் போகும் என்றால், இருட்டு விலகுமுன் பெரட்டு. ஆள் கணக்கு எடுத்து அனுப்பியதும் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார்கள். கைப்பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். மதியம் பால் வாளியோடு திரும்பி, எடை போட்டுக் கொடுத்து, லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு முகம் கிடைக்கும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். மூக்கு நெற்றியோடு சேரும் இடத்திலிருந்து முகவாய் வரை ஓர் அளவு. கன்ன எலும்புக்குக் கன்ன எலும்பு ஓர் அளவு. காதுக்குக் கீழே தாடை வளைகிற மூலைக்கு மூலை ஓர் அளவு. கடைசியாக மெழுகைச் சூடாக்கிக் கொடுத்து, கடி என்று சொல்ல வேண்டும். கடித்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பது பல பேருக்குப் புரியாது. இரண்டு பேர் விழுங்கியே விட்டார்கள்.

சாப்பாடு சவரிமுத்து வீட்டில். அவர் மனைவி வைக்கும் கருவாட்டுக் குழம்பும் மரவள்ளிக் கிழங்கும் இருக்கிறதே, இதை எழுதும்போது கூட வாய் ஊறுகிறது. என் தாயார் அறிந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டார்கள்.

ஐந்தாம் நாளுக்குள் அந்த ஐந்து பிள்ளைகளையும் அளந்து முடித்தேன். விளக்கடியில் உட்கார்ந்து பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து பேரும் பெற்றவர்களை விட்டு முன்னைவிட விலகிப் போயிருந்தார்கள்! எழுந்து தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சவரிமுத்துவைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நல்ல மனிதர், அவரும் என்னைத் திருப்பிக் கட்டிக்கொண்டார்.

ஆறாம் நாள் ஒரு பெண் குழந்தைக்கு மெழுகு சரியாகப் பதியவில்லை என்று மறுபடி வரச் சொல்லியிருந்தேன். என் நோட்டில் அவள் பதினேழாம் எண். பெயர் குப்பாயி, பத்து வயது, தாய் அஞ்சலை. வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குள் ஏதோ சண்டை. ஒருத்தி கத்தினாள்.

"போடி, தவிட்டுக்கு வாங்குன பிள்ள!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளில் சொல்லாத கேலியா? உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று என் அக்கா சொல்லிச் சொல்லி நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! ஆனால் குப்பாயி அழவில்லை. "ஆமாடி, ஒரு படி தவிடு. உன்ன யாரு வாங்குவா?" என்று பெருமையாகப் பதில் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற அஞ்சலையிடம், "என்னம்மா, பெரிய விலை கொடுத்து வாங்கினாயோ?" என்று நானும் கேலியாகக் கேட்டேன்.

"ஆமாங்கய்யா" என்றாள் அவள், கொஞ்சமும் சிரிக்காமல். "அடுத்த கதவு செல்லாயிக்கு மூணு பொறந்து மூணும் காய்ச்சல்ல போயிருச்சு. இது நாலாவது. பொறந்த பதினோராம் நாளு மொறத்துல போட்டுக் குடுத்தா. நான் ஒரு படி தவிடு குடுத்து வாங்கிக்கிட்டேன். பாகான் செராயிலேருந்து வர்ற அரிசியோட கோழிக்குன்னு தவிடு வருமே, அந்தத் தவிடுதான். அன்னையிலேருந்து இது எம் பிள்ள."

"அப்படியானால் இவள் உன் வீட்டிலா இருக்கிறாள்?"

"இல்லைங்க, சாப்பாடு, தூக்கம் எல்லாம் செல்லாயி வீட்டுலதாங்க. செல்லாயியத்தான் அக்கான்னு கூப்புடும். பெத்தவ வாயால எம் பிள்ளன்னு சொல்லக் கூடாதுங்க, சொன்னா தங்காது. பொண்ணு வயசுக்கு வந்ததும் மாரியம்மன் கோயில்ல வச்சுத் தவிட்டத் திருப்பிக் குடுத்து வாங்கிக்கிருவா."

என் கையில் மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. "இந்த லயத்தில் இப்படி வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

அஞ்சலை விரல் விட்டு எண்ணினாள். "இது ஒண்ணு. கோடி வீட்டுப் பிச்ச. மேட்டு லயத்து மூக்கன். பாவாயி வீட்டுல மண்ணாங்கட்டி. அப்பறம் குப்பன். அஞ்சுங்கய்யா. தோட்டம் தொறந்த புதுசுல காய்ச்சல் ரொம்பல்ல?"

என் கணக்கில் ஒட்டாத அந்த ஐவர் யார் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நோட்டைத் திறந்து சவரிமுத்துவின் பழைய பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். அதே ஐந்து பேர்.

பிச்சை, மூக்கன், குப்பன், குப்பாயி, மண்ணாங்கட்டி! தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தப் பெயர்களைக் கேட்டவுடனே உறைத்திருக்க வேண்டாமா? என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரு பிச்சை படித்தான், மூக்கில் வளையத்தோடு. பிறந்து பிறந்து செத்த வீட்டுப் பிள்ளைக்கு மூக்குக் குத்தி, எமன் ஆசைப்படாத பெயராக வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நான்தான் பெயரைத் தள்ளிவிட்டு எண்ணை எழுதிக்கொண்டவன். வெள்ளைக்காரன் வந்து அளந்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "நாங்க வேதக்காரங்கய்யா, இதெல்லாம் எங்க வீட்ல இல்ல. யார் பிள்ளன்னு கேட்டேன், அஞ்சல பிள்ளன்னு சொன்னாங்க, எழுதிட்டேன். ரொம்ப சூசாவா, சங்கடமாப் போச்சுலா."

அவரைக் குற்றம் சொல்லி என்ன? தண்ணீரும் சோறும் ஒரு எலும்பையும் மாற்றவில்லை. ஐந்து பிள்ளைகளும் தங்கள் தாய்மாரைப் போலத்தான் வளர்ந்திருக்க வேண்டும், நான் அடுத்த வீட்டுக்காரியை அளந்திருக்கிறேன். கல்கத்தா, லண்டன், கம்பளிக் கோட்டு எல்லாம் ஒரு படி தவிட்டில் போயிற்று.

ஆனாலும் மனம் இருக்கிறதே, அது சும்மா விடுமா? அன்று முழுதும் ஒரு வழி தேடிற்று. அஞ்சலை சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், பெற்றவள் என்று சொல்லப்படுகிறவள் என்ன சொல்கிறாள் என்று கேட்போம் என்று மறுநாள் நானே லயத்துக்குப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது உண்மை இல்லை, ஒரு மறுப்பு. அதை இன்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

செல்லாயி வாசலில் உட்கார்ந்து விரல்களில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். முதல் தடவை நான் வந்தபோது, பிள்ளை இல்லாதவள் என்று அவளை அளக்காமலே விட்டிருந்தேன்.

"குப்பாயி உன் பிள்ளையா?" என்று நேராகக் கேட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "அய்யோ, அப்புடிச் சொல்லாதீங்க. அது அஞ்சல பிள்ளைங்க."

"சத்தியமாகவா?"

"அஞ்சல பிள்ளதாங்க. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! பெற்றவளே இல்லை என்கிறாள், நோட்டில் உள்ளதும் அதுதான். நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டாலும் பெற்றவளின் வாக்குமூலமே என் கையில். நான் பொய் எழுதவே வேண்டாம், எழுதியதைத் திருத்தாமல் இருந்தால் போதும். மற்ற நான்கு வீடுகளிலும் போய்க் கேட்டேன். அங்கேயும் அதே பதில். இரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிவிடுவேன், ஆனால் சவரிமுத்து வீட்டுக் கட்டிலில் யாருக்கும் நல்ல தூக்கம் வந்ததில்லை.

புறப்படும் நாள் வந்தது. மாலையில் கார் வரும் என்று பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். சவரிமுத்து கோழி பிடிக்கப் போயிருந்தார், எனக்கு வழிக்குச் சமைத்துக் கொடுக்காமல் விடமாட்டாராம். பால் எடை போட்ட கையோடு, குளிக்காமல்கூட, செல்லாயி வந்து நின்றாள். குப்பாயியும் கூட வந்து, படிக்குக் கீழே நின்று, கட்டெறும்பைக் குச்சியால் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, எம் மொகத்தையும் அளந்து பாக்குறீங்களா?"

"எதற்கம்மா?"

"சும்மாதாங்க."

பெட்டியை மறுபடி அவிழ்த்தேன். முக்காலியில் உட்காரவைத்து அளந்தேன். நெற்றியிலிருந்து முகவாய், கன்னம், தாடை மூலை. ஒவ்வொன்றுக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எழுதிவிட்டுப் பதினேழாம் எண்ணின் பக்கத்தைப் பிரித்தேன். பத்து வயதுப் பிள்ளையின் அளவு தாயினுடையதைவிடச் சிறியதாகத்தானே இருக்கும்? ஆனால் அளவுக்கு அளவு உள்ள பொருத்தம் தெரியும். அந்த அகன்ற தாடை, குட்டையான முகவாய், இடது பக்கம் ஒரு நெல் அளவு கீழே இறங்கிய மூலை. இரண்டு பேருக்கும் இடது பக்கம். இத்தனை பேரை அளந்ததில் அந்தக் கோணல் வேறு யாருக்கும் இல்லை.

செல்லாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை இறக்கிக் கேட்டாள்.

"எங்கயாச்சும் ஒத்துப் போகுதுங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை என்று சொல்லியிருந்தால் கல்கத்தா. அந்த ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"போகிறதம்மா. இதோ இங்கே" என்று என் தாடையிலேயே தொட்டுக் காட்டினேன். "இந்த மூலை. உனக்கு எப்படியோ அப்படியே."

பால் காய்ந்த விரலால் அவள் தன் தாடையைத் தடவினாள், முதல் தடவையாகத் தொடுகிறவள்போல. பிறகு கீழே நின்ற பெண்ணைப் பார்த்தாள். பத்து வருஷமாக அவள் காதில் விழாத பேச்சு. கண்ணில் நீர் கட்டிவிட்டது, துடைக்கவும் இல்லை.

"நான் சொல்லலைங்கய்யா" என்றாள். "நீங்கதான் சொன்னீங்க."

"ஆமாம், நான்தான் சொன்னேன்."

"அத எழுதுவீங்களா?"

"எழுதட்டுமா?"

"யாரும் படிச்சுச் சத்தமாச் சொல்லிற மாட்டாங்களே?"

"இங்கிலீஷில்தான் எழுதுவேன். நோட்டு என்னோடு சென்னைக்கு வந்துவிடும். இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை."

"அப்ப எழுதிருங்க. எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதி இருக்கட்டும்."

பேனாவைத் திறந்தேன். பதினேழாம் எண்ணுக்கு எதிரே 'தாய்: அஞ்சலை' என்று இருந்ததை அடித்துவிட்டு, மேலே செல்லாயி என்று எழுதினேன். எழுதும்போதே தெரியும், இந்த ஒன்றை மாற்றினால் மற்ற நான்கையும் மாற்ற வேண்டும். கட்டுரையும் அதோடு முடிந்தது. செல்லாயிக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் குனிந்து, மை காயும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கீழேயிருந்து குப்பாயி குச்சியை வீசிவிட்டுக் கூப்பிட்டாள்.

"அக்கா, போலாமா? பசிக்குது."

"வாரேன்" என்றாள் செல்லாயி.